நான் வெட்டிய மூச்சு

மேடையில் அமர்ந்திருக்கும் பின்னணிக் குரல் கலைஞர்கள் சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அழுதழுது கண் சிவந்திருக்கும் அனிமேஷன் வகுப்பு ஆசிரியை அவர்களே, ஒலிப்பதிவுக் கூடத்து நண்பர்களே, என் பிள்ளை வயதில் இருந்துகொண்டு என்னோடு ஒரே பெஞ்சில் படிக்கும் வகுப்புத் தோழர்களே, இரண்டாவது வரிசையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவியே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. முப்பத்து மூன்று வருடமாக லிஃப்ட் மெக்கானிக். நான் அதிகமாகப் பேசியதெல்லாம் மோட்டாரோடும் இரும்புக் கயிற்றோடும்தான். அவை திருப்பிப் பேசாது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால், கூடப் படித்தவர்களைவிட எனக்குப் பத்தாம் வகுப்பு நன்றாகவே தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இந்த உரையை லிஃப்ட் பராமரிப்பு அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நடுவில் நான் "மூன்றாவது மாடிக் கதவு உரசுகிறது, எண்ணெய் விடவும்" என்று வாசித்தால், அட்டையைத் தப்பாகத் திருப்பிவிட்டேன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சிரிக்கலாம். தயவுசெய்து சிரியுங்கள். என் மகள் இருந்திருந்தால் இந்நேரம் முதல் வரிசையில் உட்கார்ந்து, "அப்பா, மைக்கைத் தின்னாத. தள்ளி நில்லு" என்று கை காட்டியிருப்பாள். பாருங்கள், இப்போதும் நெருங்கித்தான் நிற்கிறேன்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம் நாம்? இருபத்திரண்டு வருடம் குரல் ஒன்றையே வைத்து வாழ்ந்த பின்னணிக் குரல் கலைஞர், உங்கள் அன்புக்குரிய ‘ஆறு வயசு’ அவர்களுக்காகக் கூடியிருக்கிறோம். காணாமல் போன நாய்க்குட்டிக்காக மழையில் நின்று அழுத ஆறு வயதுப் பையன் யார்? அவள்! பல் விழுந்த முயல் யார்? அவள்! சிவப்பு பென்சிலோடு சண்டை போட்ட நீல பென்சில் யார்? இரண்டுமே அவள்! "ஆறு வயசைக் கூப்பிடுப்பா" என்று கூடத்தில் ஒருவர் சத்தம் போடுவாராம். புதிதாக வந்தவர்கள் குட்டிப் பையன் ஒருவன் வருவான் என்று கதவைப் பார்ப்பார்களாம். தோளில் துணிப்பையோடு, நரைமுடி இரண்டு எட்டிப் பார்க்கும் பெண் ஒருத்தி உள்ளே வருவாள். முப்பத்தொரு வயதில் ஆறு வயசு போய்விட்டது, நண்பர்களே. இந்தக் கணக்கு பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்த எனக்கும் புரியவில்லை.

இந்தத் தொழிலுக்கு அவளைக் கொண்டுவந்தது நான் என்று பலர் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான். கொண்டுவந்தது என் தூக்கம்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் வேலைக்கு என்னோடு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒலிப்பதிவுக் கூடம். சாப்பிட்டுவிட்டு மோட்டார் அறையில் கொஞ்சம் சாய்ந்தேன். லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு ஆள், நம் சங்கத் தலைவர். அப்போது இவருக்குத் தலை நிறைய முடி. பயத்தில் மணியை அடித்து நொறுக்குகிறார். இவள் மோட்டார் அறையிலிருந்து லிஃப்டுக்குள் பேசும் உள்பேசியை எடுத்துச் சொல்லியிருக்கிறாள்: "பயப்படாதீங்க அங்கிள். எங்கப்பா தூங்குறாரு. எழுப்புனா கோபம் வரும். அவரா எந்திரிக்கிற வரைக்கும் நான் பேச்சுத் துணைக்கு இருக்கேன்."

இருபது நிமிடம் பேசியிருக்கிறாள்! பூனை மாதிரிப் பேசினாளாம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரிப் பேசினாளாம். என்னை மாதிரியும் பேசிக் காட்டினாளாம். அப்படி என்ன பேசினாள் என்று மட்டும் தலைவர் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. வெளியே வந்தவர் என்னைத் திட்டவில்லை. "அந்தக் குரல் எங்கய்யா?" என்றுதான் கேட்டார்.

அதிலிருந்து இருபத்திரண்டு வருடம். ஆனால் ஒரு நாள் அவள் என்னிடம் சொன்னதை இங்கே சொல்லாமல் என்னால் இறங்க முடியாது.

"அப்பா, டப்பிங்னா என்ன தெரியுமா? எவனோ எங்கேயோ ஒரு வாயை அசைச்சு வச்சிருப்பான். அது திறக்கும்போது நான் திறக்கணும். அது மூடும்போது நான் மூடணும். இத்தன வருஷம் அடுத்தவன் அசைச்ச வாய்க்குள்ளயே இருந்துட்டேன்பா. ஒரே ஒரு தடவ நான் பேசணும். எனக்காக ஒரு வாய் அசையணும். ஆறு வயசுக் குரல்ல இல்ல. என் குரல்ல."

இதுதான் அவள் ஆசை. பெரிய ஆசையா? சொல்லுங்கள்! மாளிகை கேட்டாளா? ஒரு வாய் கேட்டாள்.

அதற்காகத்தான் கதாபாத்திர அனிமேஷன் உயர்நிலை வகுப்பில் சேர்ந்தாள். அதில் குரல் முதலில், உருவம் பிறகு. நடிக்கிறவர் பேசிப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சுக்கு ஏற்ப உதடு, கண், தோள் எல்லாவற்றையும் ஃபிரேம் ஃபிரேமாக அசைக்க வேண்டும். ஒரு வினாடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம். வகுப்பு இரண்டாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கின் மகள், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் போய்ச் சேர்ந்தாள்! நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும் நோய் அவளுக்கு. மூன்று வகுப்புக்கு ஏறினாள். நாலாவது வகுப்புக்குப் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் படியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். "அப்பா, நீ ஏறிப் போ. என் இடத்துல உட்காரு. கத்துக்கிட்டு வந்து வீட்ல எனக்குச் சொல்லிக்குடு" என்றாள்.

"எனக்கு மௌஸ் பிடிக்கவே தெரியாதே கண்ணு."

"லிஃப்ட் கதவைக் கையால தள்ளி வரிசையில நிறுத்துறல்ல? அந்தக் கைதான். போ."

போனேன். ஆசிரியை என்னைப் பார்த்து, "யாரைத் தேடுறீங்க?" என்றார். "என் மகளோட நாற்காலியை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். ஆசிரியை அவர்களே, அந்த ஒரு நொடிக்கு நான் உங்களுக்கு என்றென்றும் கடன்பட்டவன்.

நான் படித்த லட்சணத்தை இந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள். முதல் பாடம், ஆளுக்கொரு கைக்கண்ணாடி. ‘ஆ’ சொன்னால் தாடை எவ்வளவு இறங்குகிறது, ‘ஓ’ சொன்னால் உதடு எப்படிக் குவிகிறது, ‘ம’ சொல்லும்போது உதடு ஒட்டுகிறதா என்று பார்த்து வரைய வேண்டும். வேலை செய்யும் இடத்திலும் கண்ணாடியை விடவில்லை. லிஃப்ட் உள்ளே நின்று "ஆ... ஈ... ஓ..." என்று நான் வாயைக் கோணிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது மாடி அம்மா ஒருவர் ஏறினார். "என்னங்க, கடவாய்ப் பல்லா? கிராம்புத் தைலம் தரட்டுமா?" என்றார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன சொல்வது?

என் முதல் உதட்டசைவைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது.

"அப்பா, இது வாய் இல்ல. லிஃப்ட் கதவு."

"எல்லா எழுத்தும் வந்திருக்குல்ல?"

"அதான் தப்பு. மனுஷங்க சோம்பேறிங்கப்பா. பாதி எழுத்தை வாய்க்குள்ளயே முழுங்கிடுவாங்க. அம்மா உன்னத் திட்டுறப்போ பாத்திருக்கியா? உதடு அசையவே அசையாது. ஆனா ஒரு எழுத்து விடாம உனக்குக் கேக்கும்."

மருத்துவர் அவள் அதிகம் பேசக் கூடாது என்றார். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். நான் வகுப்பில் கேட்டதை வீட்டில் வந்து தப்பாகச் சொல்வேன். அவள் அந்தத் தப்பைக் கேட்டே சரி எது என்று கண்டுபிடித்துவிடுவாள். உடம்பு அங்கே, வகுப்பு இங்கே, நடுவில் மேலும் கீழும் போய்வரும் பெட்டியாக நான். இந்த ஒரு வேலை மட்டும் எனக்கு ஏற்கெனவே தெரியும்.

வகுப்பின் இறுதிப் படைப்புக்கு அவளே ஒரு காட்சி எழுதினாள். ஒரு பெண். கையில் காய்கறிப் பை. லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. அவள் உள்பேசியில் பேசுகிறாள். மொத்தம் ஐந்தே வரி. மறுமுனையில் யார் என்று காட்டவில்லை. "தூங்குற மெக்கானிக்" என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்.

ஒலிப்பதிவு எங்கே? எங்கள் வீட்டுத் துணி பீரோவுக்குள். கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவில் மைக்கை வைத்து, அவள் தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்திவிட்டோம். வெளிச் சத்தம் வராது. ஆனால் ஆக்ஸிஜன் மெஷின்? அது எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். "மெஷினை நிறுத்துப்பா. ஒரு வரிக்குப் பத்துப் பதினஞ்சு செகண்டு. செத்துட மாட்டேன்" என்றாள். என் விரல் சுவிட்சில். அவள் அம்மாவின் கண் கடிகாரத்தில். நிறுத்துவேன். அவள் பேசுவாள். போடுவேன். ஒரு மணி நேரம் அப்படியே கண்ணை மூடிக் கிடப்பாள். அடுத்த வரி. ஐந்து வரிக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. முடிந்ததும் கம்பளியை விலக்கி, வியர்த்த முகத்தோடு கேட்டாள்: "எப்படிப்பா, பெரியவ மாதிரி இருந்துச்சா?"

பெரியவள் மாதிரிதான் இருந்தது, நண்பர்களே. முதல் தடவையாக என் மகளுடைய சொந்தக் குரலை மைக் கேட்டது.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். புகழ்ந்து பேச உங்களில் நூறு பேர் இருக்கிறீர்கள். இதைச் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

அந்தப் பதிவைச் சுத்தம் செய்யும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். லிஃப்ட்காரனுக்குச் சத்தம் என்றால் கோளாறு. கிர்ரென்றால் பேரிங். டக்கென்றால் கதவு. முப்பத்து மூன்று வருடம் நான் செய்தது ஒரே வேலைதான்: சத்தம் எங்கே என்று தேடுவது, அதை ஒழிப்பது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு மூச்சு. பழைய துணியை மெதுவாகக் கிழிப்பது போல. சில வரிக்கு நடுவில் இன்னொன்று. வரி முடிந்ததும் ஒன்று, இரண்டு. மொத்தம் பதினேழு இடம். பதினேழையும் வெட்டினேன். ஐம்பத்தொரு வினாடியாக இருந்தது இருபத்தெட்டு வினாடியானது. பெருமைப்பட்டேன்! அதே பெயரில் சேமித்தேன். மைக் கருவியின் மெமரி கார்டில் இருந்ததையும் அழித்தேன். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். வேலை முடிந்தால் இடத்தைப் பெருக்கிவிட்டுக் கிளம்புவதுதான் என் பழக்கம்.

அதுவும் முழு உண்மை இல்லை. சத்தம் என்பதற்காக மட்டும் வெட்டவில்லை. என்னால் கேட்க முடியவில்லை. அதனால் வெட்டினேன்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கேட்டாள். மறுபடி கேட்டாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதுல நான் எங்கப்பா?"

"அஞ்சு வரியும் இருக்கு கண்ணு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு."

"சுத்தமாத்தான் இருக்கு. உன் அனிமேஷன் நோட்டைக் கொஞ்சம் எடு, ஒன்பதாவது கிளாஸ் நடந்த பக்கம்."

எடுத்தேன். அந்தப் பக்கத்தில் மேலே ‘மூச்சு’ என்று ஒரு சொல். அதற்குக் கீழே ஒரு கோடு. பேனா வழுக்கிக்கொண்டே போய் நோட்டைத் தாண்டிவிட்டிருந்தது. நான் தூங்கிப் போயிருக்கிறேன்! அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். நான் சரியாகப் படுக்கவில்லை. இருந்தாலும் தூக்கம் தூக்கம்தானே? அன்று வகுப்பில் என்ன நடந்தது தெரியுமா? ஆசிரியை பாடத்தை நிறுத்தி, "எல்லாரும் அப்பாவைப் பாருங்க. தோள் எப்படி ஏறுது, எங்க நிக்குது, எப்படி இறங்குது, எண்ணுங்க" என்றாராம். பதினைந்து பேரும் என்னைச் சுற்றி நின்று எண்ணியிருக்கிறார்கள். மூச்சை எப்படி அசைப்பது என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அந்த வகுப்பில் அதைக் கற்றுக்கொள்ளாதவன் ஒரே ஒருவன்.

அவள் சிரித்தாள். இருமல் வரும் வரை சிரித்தாள். பிறகு, "பரவால்லப்பா. ஒரிஜினல் இருக்குல்ல?" என்றாள்.

நான் ஹெட்போன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இன்று எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! "சரி விடு. வியாழக்கிழமை மறுபடி எடுத்துடலாம். இந்தத் தடவ மூச்சு விடுறதுக்குன்னே தனியா ஒரு டேக் தர்றேன். போதுமா?" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லை.

இருபத்து மூன்று வினாடி, நண்பர்களே! என் மகளின் இருபத்து மூன்று வினாடி மூச்சு என் கையில் இருந்தது. குப்பை என்று கொட்டினேன். உலகத்தில் வேறு எந்தத் தகப்பனாவது இதைச் செய்திருப்பானா?

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்கு ஓடினேன். "மேல வேற எழுதிட்டீங்க சார், ஒண்ணும் வராது" என்றார். அடுத்த கடைக்கு ஓடினேன். அவரும் அதையே சொன்னார். அவர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவம், தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டார். தலைவர் அவர்களிடம் போனேன். அவர் சொன்னார்: "அண்ணே, நம்ம கூடத்துல அவ மூச்சு நூறு இருக்கு. ஓடுற பையன் மூச்சு, அழுற பையன் மூச்சு, தண்ணிக்குள்ளேர்ந்து வெளிய வர்ற பையன் மூச்சு. எது வேணுமோ எடுத்துக்குங்க." ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். அத்தனையும் ஆறு வயதுப் பையனின் மூச்சு. அவ்வளவு அழகாக நடித்திருக்கிறாள்! நூற்றில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. கம்ப்யூட்டரே அவளைப் போல மூச்சு விடும் என்று வகுப்பில் ஒரு பிள்ளை நல்ல மனதோடு சொன்னான். வேண்டாமப்பா என்றேன். இருபத்திரண்டு வருடம் அவள் இல்லாத வாய்க்குக் குரல் கொடுத்தாள். இல்லாத மூச்சை அவளுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? நானே அந்த பீரோவுக்குள் தலையை விட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மைக்கில் மூச்சு விட்டேன். இழுத்து இழுத்து விட்டேன். போட்டுக் கேட்டால் சைக்கிளுக்குக் காற்று அடிப்பது போல இருக்கிறது. மறுபடி விட்டேன். தலை சுற்றியது. என் மனைவி வந்து கம்பளியை இழுத்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"மூச்சு விடுறேன்."

அவள் அழவில்லை. அவள் புடவைகளுக்கு நடுவில் கிடந்த என் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருஷம் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதாங்க சமைச்சேன், தூங்குனேன். அது நின்னுடக் கூடாதேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். உங்களுக்கு அது கோளாறு. எனக்கு அது வேணும்ங்க. எங்கேர்ந்தாவது கொண்டாங்க."

எங்கிருந்து கொண்டுவருவேன்? நீங்கள் சொல்லுங்கள், எங்கிருந்து?

அப்புறம் என் மனைவியே கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள். ஒலிப்பதிவுக்கு முதல் நாள் மகள் ஒத்திகை பார்த்தபோது அம்மா பிடித்த வீடியோ அதில் இருந்தது. அனிமேஷன் செய்பவர்கள் பார்த்து வரைவதற்காகத் தாங்களே நடித்து அப்படி எடுத்து வைத்துக்கொள்வார்கள். சுவரில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, கையில் காய்கறிப் பைக்குப் பதிலாகத் தலையணை உறையைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வரியும் நடித்திருக்கிறாள். சத்தம் இருக்கிறது. ஆனால் அது மெஷின் சத்தம். ஒத்திகைதானே என்று நான் மெஷினை நிறுத்தவில்லை. அந்த உறுமலுக்கு மேலே வரிகள் மட்டும்தான் கேட்கின்றன.

"மூச்சு அதுக்கு அடியில இருக்கும்ங்க. நல்லாக் கேளுங்க" என்கிறாள் என் மனைவி. ஒவ்வொரு நாளும் போனைக் காதில் வைத்து அழுத்திக்கொள்கிறாள். எனக்கும் கொடுக்கிறாள். நான் எவ்வளவு கேட்டும் மெஷின்தான். முப்பத்து மூன்று வருடம் சத்தத்துக்குள் சத்தம் தேடிய காது இது. இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த போனோடு ஆசிரியையிடம் போனேன். "டீச்சர், ஒன்பதாவது கிளாஸ மறுபடி எடுங்க" என்றேன். எனக்காக மட்டும் எடுப்பார் என்று நினைத்தேன். பதினைந்து பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்! என் பக்கத்து நாற்காலிப் பிள்ளை மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, தூக்கம் வந்தா கிள்ளட்டுமா?" "பலமாக் கிள்ளு" என்றேன். தேவைப்படவில்லை.

ஆசிரியை வீடியோவின் சத்தத்தை முழுதாக அணைத்தார். "காதால தேடாதீங்கப்பா. பாருங்க" என்றார். பார்த்தேன். முதலில் கண் மேலே போகிறது. பிறகு உதடு விலகுகிறது. தொண்டைக்குழி உள்ளே இழுபடுகிறது. இரண்டு தோளும் ஏறுகின்றன, வலது தோள் கொஞ்சம் முன்னால், இடது கொஞ்சம் பின்னால். உச்சியில் ஒரு நொடிக்கும் குறைவாக நிற்கிறது. அதன் பிறகுதான் சொல் வருகிறது. "பேசணும்னு ஒருத்தர் முடிவு பண்ற இடம் இதுதான்பா. சொல்லுக்கு உயிர் இங்க இருக்கு. சத்தம் போனாலும் இது போகல" என்றார்.

எண்ணினோம். முதல் வரிக்கு முன்னால், உதடு விலகுவதிலிருந்து சொல் தொடங்கும் வரை, பதினான்கு ஃபிரேம்.

நான் அவளை என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வெட்டி ஒட்டியதில் அந்தப் பெண் முடிவு செய்யாமலேயே பேசினாள். பொத்தானை அழுத்தியதும் திறக்கும் கதவைப் போல. "இதுல நான் எங்கப்பா" என்று கேட்டாளே, அதற்கு அர்த்தம் இதுதான்.

பெரியோர்களே, நண்பர்களே! இப்படிப்பட்ட கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்வார்கள். அவள் பணியைத் தொடர எனக்குத் தகுதி கிடையாது. ஆறு வயதுப் பையனாக நான் பேசினால் குழந்தைகள் பயந்துவிடும். ஆனால் அவள் என்னிடம் ஒரு வாய் கேட்டாள். அந்த வாயை நான் முடிப்பேன். வெட்டிய பதினேழு இடத்தையும் திறப்பேன். இருபத்தெட்டு வினாடியை மறுபடி ஐம்பத்தொன்று ஆக்குவேன். அவளுடைய மூச்சின் சத்தத்தை என்னால் திருப்பித் தர முடியாது. என் மனைவி முன்னால் இதை ஒப்புக்கொள்கிறேன், அவள் என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் அந்த மூச்சு நிற்க வேண்டிய இடத்தை, தோளின் ஏற்றத்தை, அந்த ஒவ்வொரு ஃபிரேமையும் அவள் இருந்த இடத்திலேயே வைப்பேன். எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். அவள் போய் இன்றோடு முப்பத்து நான்கு நாள். பத்தொன்பது தடவை திருத்தி, முதல் வரியை மட்டும் முடித்திருக்கிறேன். ஐந்து வினாடி. அதிலும் இரண்டு இடத்தில் இன்னும் லிஃப்ட் கதவு தெரிகிறது. ஆசிரியை பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

அவளுடைய கடைசி வரி என்ன தெரியுமா? "அவசரம் இல்ல. மெதுவா வாங்க. நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன்." இதைத்தான் அந்தத் தூங்குகிற மெக்கானிக்கிடம் சொல்கிறாள். வருகிறேன் கண்ணு. இந்தத் தடவை தூங்க மாட்டேன். அந்த வரி வரை நான் போய்ச் சேர வேண்டும். அதுவரை எனக்கு வேறு வேலை கிடையாது.

தலைவர் அவர்கள் இப்போது இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வார். அதற்கு முன் எனக்கு ஐந்து வினாடி கொடுங்கள். அந்த ஒரு வரியை உங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். "ஹலோ, யாராவது இருக்கீங்களா?" அவ்வளவுதான் வரி.

ஒலிபெருக்கி பார்க்கும் நண்பரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. படம் வந்ததும் சத்தம் வராது. வயரை ஆட்டாதீர்கள். பொத்தானைத் திருகாதீர்கள். பதினான்கு ஃபிரேமுக்கு ஒன்றுமே கேட்காது. என் தொழில் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அது கோளாறு இல்லை.

இந்தாம்மா, ரெண்டாவது வரிசையில நீயும் போனைக் காதிலிருந்து எடு. இங்க பாரு. தோளைப் பாரு.

விளக்கை அணையுங்கள். அவள் பேசப் போகிறாள்.